கடல் என்னும் எளிய சொல்

'ரைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு மாணவர் அரிசி என்பார். இன்னொருவர் சோறு என்பார். வயற்புறத்தில் வளர்ந்தவர் எவரேனும் இருப்பின் நெல் என்பார். மூவரும் தவறு செய்யவில்லை. ஆயினும், எந்த வாக்கியத்தில் அச்சொல் வருகிறது என்று தெரியும்வரை மூவருக்கும் மதிப்பெண் வழங்க ஆசிரியரால் இயலாது. நம்மைச் சூழ்ந்துள்ள மலாய் மொழியும் இவ்வாறே பாடி, பெராஸ், நாசி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தம் மொழிக்குக் கொண்டு வருபவர், ஆங்கில ஆசிரியர் செய்யாத ஒரு முடிவைத் தாம் செய்தே ஆக வேண்டும்.

இத்தகைய முடிவுகள் ஒரு நூலின் உயிர்நிலையையே தொடுவதை எடுத்துக்காட்ட, எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதிய ஒரு குறுநாவலும் அதன் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் போல் வேறு சான்று கிடைப்பது அரிது. தமிழில் 'கடலும் கிழவனும்' என்னும் பெயரால் நாம் அறிந்த நாவல் அது. 1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழின் ஒரே வெளியீட்டில் முழுமையாக வந்தது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசையும், 1954இல் ஆசிரியருக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது சிறப்புக் குறிப்பையும் பெற்றது. 1953இல் ஹவானாவின் 'போஹேமியா' இதழ் இதன் ஸ்பானிய வடிவத்தை வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் லீனோ நோவாஸ் கால்வோ. ஸ்பெயின் நாட்டுக் கலீசியாவிற் பிறந்து, இளமையிலேயே கியூபாவுக்கு வந்து, அங்கே சிறுகதை ஆசிரியராகப் புகழ் பெற்றவர். ஃபாக்னரின் நாவலொன்றை அதற்கு முன்பே ஸ்பானியத்திற் பெயர்த்த அனுபவமும் அவருக்கு இருந்தது.

இந்நாவலில் ஒரு விந்தை உண்டு. நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனால் அதிலே பேசுகின்றவர்கள் பெரும்பாலும் கியூப மீனவர்கள். அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி. ஹவானாவுக்கு வெளியே 1939 முதல் 1960 வரை வீடு கொண்டு வாழ்ந்த ஹெமிங்வே, அம்மக்களின் பேச்சை உள்ளத்தில் ஸ்பானியத்திற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அவ்வாறாயின் ஆங்கில நூலே ஒரு வகை மொழிபெயர்ப்பு ஆகிறது. நோவாஸ் கால்வோ செய்தது வெளியூர் சென்ற பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தது போன்ற வேலை. எளிய வேலை என்று தோன்றும். வாயிற்படியிலேயே இடறல் தொடங்கிவிடுகிறது.

அருஞ்சொற்கள் அவருக்குத் தொல்லை தரவில்லை என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். அவற்றை ஹெமிங்வேயே ஸ்பானியத்தில் எழுதி வைத்திருந்தார். சுறாவின் உள்ளூர்ப் பெயர், தசைப்பிடிப்புக்கு மீனவர் வழங்கும் பெயர், எல்லாம் ஆங்கில நூலிலேயே ஸ்பானியச் சொற்களாக உள்ளன. எண்பத்து நான்கு நாள் ஒரு மீனும் கிடைக்காத கிழவனை ஊரார் 'சலாவோ' என்று ஒதுக்குவதும் அப்படியே உள்ளது. இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'உப்பிடப்பட்டவன்' என்பது இதன் பொருள். 'சலாதோ' என்பது கியூபப் பேச்சில் தகர ஒலி தேய்ந்து 'சலாவோ' ஆயிற்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன நமக்கு, உப்பு தீயூழின் அடையாளம் ஆவது வியப்பாகத்தான் இருக்கும். 'அதிர்ஷ்டம் இல்லாதவன்' என்று அகராதி தரும் நாகரிகமான ஸ்பானியச் சொல் எதுவும் அந்த இடத்தில் நில்லாது என்பதை ஹெமிங்வே அறிந்திருந்தார். ஆகவே அதை மொழிபெயர்ப்பாளருக்கு விட்டுவைக்கவில்லை.

அவர் விட்டுவைத்தவை கடல், மீன், நீ என்னும் மூன்று எளிய சொற்கள். முதல் வகுப்புப் பிள்ளையும் அறிந்தவை.

கடலை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்கள் யாவும் ஆண்பால் அல்லது பெண்பால். நம் அஃறிணை போல் ஒதுங்கி நிற்க ஓரிடம் அங்குப் பெயர்களுக்கு இல்லை. கடலைக் குறிக்கும் 'மார்' என்னும் சொல்லோ இரு பாலிலும் வழங்கும் அரிய சொற்களுள் ஒன்று. பொது வழக்கில் அது ஆண்பால்: 'எல் மார்'. கடலோடிகளும் மீனவரும் கவிஞரும் 'லா மார்' என்று பெண்பாலிற் சொல்வர். நிலநூலிலும் செய்தித்தாளிலும் ஆண். படகில் ஏறியவர் நாவிலே பெண். ரஃபாயெல் அல்பெர்த்தி என்னும் ஸ்பானியக் கவிஞர் 1925இல் வெளிவந்த தம் முதல் நூலில் இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்தே ஓர் ஏக்கத்தைப் பாடினார். கடற்கரை ஊரிலிருந்து மத்ரித் நகருக்குக் கொண்டுவரப்பட்ட இளைஞனின் ஏக்கம் அது. ஒரு பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல் மாறினால், சொல்பவன் கரையில் நிற்கிறானா நீரில் நிற்கிறானா என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த நுட்பத்தை ஹெமிங்வே தம் நாவலின் நடுவில் வெளிப்படையாகவே வைக்கிறார். இளைய மீனவர்கள் சிலர், சுறாவின் ஈரல் நல்ல விலைக்குப் போன காலத்தில் பணம் சேர்த்து இயந்திரப் படகு வாங்கியவர்கள். அவர்கள் கடலை 'எல் மார்' என்கின்றனர். அவர்களுக்குக் கடல் ஒரு போட்டியாளன், ஓர் இடம், பகைவன் என்றும் சொல்லலாம். கிழவனுக்கோ எப்போதும் அவள் 'லா மார்'. பெரும் பேறுகளைத் தருபவளும் தர மறுப்பவளும் அவளே. அவள் கொடுமை செய்தாலும், தன்னை அடக்க இயலாமையாற் செய்கிறாள் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறான். கடலம்மா என்று கைகூப்பும் நம் நெய்தல் மக்களுக்கு இந்தக் கிழவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இனி ஸ்பானிய நூலின் தலைப்பைப் பாருங்கள்: 'எல் வியெஹோ இ எல் மார்'. ஆண்பால்! இயந்திரப் படகுக்காரர்களின் சொல்லை அல்லவா கிழவனின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள்? கிழவனை அட்டையிலேயே காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று குறை சொல்ல இடம் இருக்கிறது. நானும் முதன்முதல் இதை அறிந்தபோது அவ்வாறே எண்ணினேன்.

இன்று என் கருத்து வேறு. தலைப்பு கிழவன் இட்டது அன்று. கதை சொல்பவர் இட்டது. ஆங்கிலத் தலைப்பில் கடலுக்குப் பால் இல்லை. ஸ்பானிய மொழி பாலில்லாத கடலை அறியாது. ஆயினும் எவர் மனத்தையும் சாராமல், வெறுமனே கடல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது வழங்குவது 'எல் மார்' தான். 'லா மார்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், நாவல் பொறுமையாகக் காத்துவைத்துத் திறக்கும் ஒரு கதவைப் புத்தகக் கடைக்காரர் முன்கூட்டியே திறந்து வைத்தது போல் ஆகியிருக்கும். எல்லாரும் வழங்கும் ஆண்பாற் சொல்லோடு நூலுக்குள் நுழையும் ஸ்பானிய வாசகர், கிழவன் மட்டும் அவளைப் பெண்ணாக நினைக்கிறான் என்பதைக் கடல் நடுவே கண்டுகொள்கிறார். தலைப்புக்கு எதிராகவே தனித்து நிற்கிறான் கிழவன்.

தலைப்பைத் தாண்டிய பிறகே தொல்லை பெரிதாகிறது. ஹெமிங்வேயின் நடையில் கதைசொல்லியின் குரலும் கிழவனின் நினைவும் மேற்கோட்குறி இன்றி ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுகின்றன. 'கடல் இருண்டது' என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் வருகிறது என்று கொள்வோம். அந்த இருளைப் பார்ப்பது யார்? கதைசொல்லியா, கிழவனா? ஆங்கிலம் வாய் திறவாமல் இருந்துவிடலாம். ஸ்பானியம் 'எல்' என்றோ 'லா' என்றோ சொன்னவுடன், யாருடைய கண் என்பதைச் சொல்லிவிட்டது. இவ்வாறு பக்கந்தோறும் சான்று சொல்ல நிர்ப்பந்திக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் மீது எனக்கு இரக்கமே பிறக்கிறது. அவர் தவறினார், தவறவில்லை என்று தீர்ப்புக் கூறுவது எளிது. மூல ஆசிரியரே எண்ணிப் பாராத ஒரு வினாவுக்கு அவர் விடை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுகொள்வதே திறனாய்வின் வேலை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கடலை நேசிப்பவர்கள் ஸ்பானியத்தில் அவளை இப்படித்தான் அழைப்பார்கள் என்று ஹெமிங்வே ஆங்கில வாசகருக்கு விளக்கம் தருகிறார். அதே விளக்கத்தை ஸ்பானிய வாசகரிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனால் அதை நீக்கவும் முடியாது. நீக்கினால் இளையவர்களுக்கும் கிழவனுக்கும் உள்ள வேறுபாடு அற்றுப்போகும். தாய்மொழியைத் தாய்மொழியாளருக்கே அறிமுகப்படுத்தும் கூச்சத்தை மொழிபெயர்ப்பாளர் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மீனுக்கு வருவோம். ஸ்பானியத்தில் மீனுக்கு இரண்டு சொற்கள் உள்ளன. 'பெஸ்' என்பது நீரில் உயிரோடு திரியும் மீன். 'பெஸ்காதோ' என்பது பிடித்துக் கரைசேர்த்த மீன், உணவாகப் போகும் மீன். தொட்டியில் நீந்துவது பெஸ்; சந்தையிற் பனிக்கட்டியின் மேற் கிடப்பது பெஸ்காதோ. 'பெஸ்கார்' என்றால் மீன்பிடித்தல். அவ்வினையிலிருந்து பிறந்த 'பெஸ்காதோ' என்பதற்குப் பிடிக்கப்பட்டது என்று பொருள். நம் இலக்கணத்தில் வைத்துச் சொன்னால் ஒருவகை வினையாலணையும் பெயர். ஒன்று அவ்வுயிரின் சொந்தப் பெயர். மற்றது மனிதன் அதற்குச் செய்ததன் பெயர். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியப் பேச்சில் இந்த வேலி சில இடங்களில் தளர்ந்து, உயிருள்ள மீனையும் பெஸ்காதோ என்பாருண்டு. எழுத்து வழக்கில் வேலி உறுதியாகவே நிற்கிறது. தமிழில் நமக்கு நீரிலும் மீன், குழம்பிலும் மீன். காய்ந்த பிறகே கருவாடு.

இப்போது கிழவனின் படகைப் பாருங்கள். தூண்டிலில் ஒரு பெருமீன் சிக்கிவிட்டது. இரண்டு பகலும் இரண்டு இரவும் அது படகை இழுத்துச் செல்கிறது. கிழவன் அதனோடு பேசுகிறான். அன்பு கொண்டிருப்பதாகச் சொல்கிறான், மதிப்பதாகச் சொல்கிறான், கொல்லப்போவதாகவும் சொல்கிறான். சகோதரன் என்றும் எண்ணுகிறான். ஆங்கிலத்தில் அவன் விளிப்பது 'மீனே' என்னும் ஒரே சொல். நோவாஸ் கால்வோ 'பெஸ்' என்றே எழுதினார். வேறு வழி இல்லை. 'பெஸ்காதோ' என்று விளித்தால், போர் தொடங்கும் முன்பே எதிரியைத் தட்டில் வைத்துவிட்டதாக ஆகும்.

ஆனால் ஓரிடம் உண்டு. நான் இந்நாவலைப் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடும் இடம். மீன் இறந்துவிட்டது. படகின் பக்கத்தில் அதைக் கட்டுகிறான் கிழவன். கட்டிக்கொண்டே மனக்கணக்குப் போடுகிறான்: எடை 1,500 இறாத்தலுக்கு மேல் இருக்கும்; கழிவு போக மூன்றில் இரு பங்கு தேறினால், இறாத்தல் 30 காசு விலைக்கு எவ்வளவு ஆகும்? இதற்குப் பென்சில் வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறான். கணக்குப் போட்டால் 300 டாலர். சற்று முன்வரை சகோதரனாக இருந்தது, ஒரு பெருக்கல் கணக்கின் இடைவெளியில் சரக்காகிவிட்டது. ஆங்கிலத்தில் இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்கிறது. ஏனெனில் அச்சொல் மாறுவதில்லை. 'பெஸ்' 'பெஸ்காதோ' ஆகும் கணம் இதுவே என்று ஸ்பானிய மொழியால் சுட்டிக்காட்ட முடியும். அவ்வாறு சுட்டிக்காட்டுவது ஒரு செல்வமா, மிகையா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். நான் மிகை என்றே கருதுகிறேன்.

காரணம் பின்னால் வருகிறது. சுறாக்கள் வருகின்றன. முதற்சுறா நாற்பது இறாத்தல் அளவுக்குத் தசையைக் கவ்விக்கொண்டு போகிறது. சிதைந்த மீனைப் பார்க்கக் கிழவனுக்கு மனம் வரவில்லை. தசை குறையக் குறைய விற்பனைக்குரிய பொருள் குறைகிறது. கிழவனோ மறுபடியும் அதனோடு பேசத் தொடங்குகிறான். பாதி மீனாக நிற்பதைப் பார்த்து, அவ்வளவு தூரம் கடலுக்குள் வந்ததற்காக அதனிடமே வருத்தம் தெரிவிக்கிறான். விலைபோகும் பொருள் கைவிட்டுப் போன பின், உயிருள்ள மீனின் பெயர் திரும்பி வருகிறது. இடையில் ஒருமுறை 'பெஸ்காதோ' என்று எழுதிச் சந்தைக்கு அனுப்பியிருந்தால், கிழவன் அதனிடம் வருந்திப் பேசுவது இறைச்சியோடு பேசுவதாக முடிந்திருக்கும். விளியிற் 'பெஸ்' என்னும் ஒரே சொல்லை விடாமற் பற்றியது மொழிபெயர்ப்பாளரின் நல்லூழ் என்பேனா, அறிவு என்பேனா? கதாசிரியர் அவர், அறிவு என்றே கொள்வோம்.

ஒன்று கிடைத்தால் ஒன்று போவதும் இங்கே காணத்தக்கது. ஹெமிங்வே அந்த மீனை ஆங்கிலத்தில் 'அவன்' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் விலங்கை 'அது' என்பதே பொது வழக்காதலின், 'அவன்' என்பது கிழவன் வழங்கிய மரியாதை. ஸ்பானியத்தில் 'பெஸ்' இலக்கணப்படியே ஆண்பால். நெத்திலியும் அவனே, திமிங்கிலம் ஒத்த பெருமீனும் அவனே. கேளாமலே எல்லா மீனுக்கும் கிடைக்கும் பட்டத்தில் பெருமை ஏது? கடலிடம் ஸ்பானியம் பெற்ற ஆதாயத்தை மீனிடம் இழந்துவிடுகிறது. தமிழில் மீனை 'அவன்' என்று எழுதத் துணிந்தால் திணை மயங்கி, ஆங்கிலத்தினும் மிகுதியான அதிர்ச்சி பிறக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது.

'நீ' என்னும் சொல்லை விரித்துரைக்கத் தேவையில்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகட்டி வாழ்பவர் நாம். ஸ்பானியத்தில் நெருக்கத்துக்குத் 'தூ', மரியாதைக்கு 'உஸ்தேத்'. பிந்தியது 'தங்கள் அருள்' என்ற பொருளுடைய ஒரு தொடர் தேய்ந்து பிறந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 1940இல் வெளிவந்த தம் ஸ்பானிய உள்நாட்டுப் போர் நாவலில் ஹெமிங்வே 'தூ' வரும் இடங்களிற் பழைய ஆங்கில 'தௌ' வடிவத்தைப் புகுத்திப் பார்த்தார். வேதப்புத்தக வாடை வீசுவதாகப் பலர் முகஞ்சுளித்தனர். கிழவனின் கதையில் அம்முயற்சியைக் கைவிட்டார். ஆகையால் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரே உறவுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறுவன் கிழவனை 'உஸ்தேத்' என்கிறான். கிழவன் சிறுவனைத் 'தூ' என்கிறான். மீனையும் கிழவன் 'தூ' என்றே அழைக்கிறான். கடலிலே தனித்திருக்கையில் அந்தச் சிறுவன் அருகில் இல்லையே என்று பலமுறை ஏங்குபவன், சிறுவனுக்கு வழங்கும் அதே சொல்லை மீனுக்கும் வழங்குகிறான். ஆங்கில நூலில் இந்த ஒப்புமை கண்ணுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு மூலத்தை மிஞ்சும் இடங்கள் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கிழவன் என்னும் சொல்லையும் விட்டுவிடலாகாது. ஸ்பானியத்தில் முதியவரை மதிப்போடு குறிக்க 'அன்சியானோ' என்ற சொல் இருக்க, 'வியெஹோ' என்னும் பழகிய சொல்லையே தேர்ந்தனர். அதில் முரட்டுத்தன்மையும் உண்டு. தந்தையையும் கணவரையும் அன்பாகச் சுட்டும் உரிமையும் உண்டு. தமிழ்த் தலைப்பிலுள்ள 'கிழவன்' மரியாதைக் குறைவு என்று மாணவர் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. 'முதியவரும் கடலும்' என்று மாற்றிப் பார்க்கச் சொன்னேன். படகில் ஒரு தலைமையாசிரியர் ஏறி அமர்ந்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார்.

நாவலின் முடிவில் ஹெமிங்வே இந்தச் சொற்சிக்கலையே ஒரு காட்சியாக்கிவிட்டார். மீனின் நெடிய முள்ளெலும்பும் வாலும் மட்டும் கரையோரம் அலையில் ஆடுகின்றன. உல்லாசப் பயணியாக வந்த பெண்ணொருத்தி, அது என்ன என்று உணவகப் பணியாளனைக் கேட்கிறாள். அவன் 'திபுரோன்' என்கிறான். சுறா என்று பொருள். அவளுக்கு விளங்கவில்லை என்று கண்டு, 'எஷார்க்' என்று தன் நாவுக்கு இயன்ற ஆங்கிலத்திற் சொல்கிறான். சகர மெய்யில் தொடங்கும் கூட்டொலிக்கு முன் எகரம் சேர்ப்பது ஸ்பானிய நாவின் இயல்பு. 'இஸ்கூல்' என்று சொல்லும் நம்மூர்ப் பாட்டிகளுக்கு அவன் உறவினன். ஷார்க் என்பதில் கூட்டொலி இல்லை என்றாலும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. சுறாக்கள் தின்றுவிட்டன என்ற கதையைச் சொல்லவே அவன் வாயெடுத்தான். அவளோ அந்த எலும்பே சுறா என்று கொண்டு, சுறாவுக்கு இத்துணை அழகிய வால் உண்டென்பது தெரியாது என்கிறாள். உடன் வந்தவனும் தனக்கும் தெரியாது என்கிறான்.

ஆங்கில நூலில் இக்காட்சி இயல்பாக நடக்கிறது. அவள் மொழி வேறு, அவன் மொழி வேறு. ஸ்பானிய நூலில் அவளும் ஸ்பானியத்தில் அன்றோ பேசுகிறாள்? 'திபுரோன்' என்ற சொல் விளங்காத ஒருத்தி, அச்சொல்லையே தாய்மொழியாகக் கொண்ட வாசகர் முன் நிற்க வேண்டும். பணியாளனின் உடைந்த ஆங்கிலம் மட்டும் அந்தப் பக்கத்தில் அயலொலியாகக் கிடக்க வேண்டும். நூல் முழுவதும் வீடு திரும்பிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு சொல் மட்டும் வெளிநாட்டிலேயே நின்றுவிடுகிறது. மேட்டிலுள்ள குடிசையிற் கிழவன் குப்புறப் படுத்து உறங்குகிறான். சிறுவன் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.